கறுப்புக் குவில்ட்டில் எட்டிப் பார்த்த வெள்ளைப் பஞ்சு
கறுப்புத் துணி குவில்ட்டில் (இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தையல் ஓட்டை ஒவ்வொன்றிலும் வெள்ளை இழை நீட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கினால் உள்ளிருந்து இன்னும் வருகிறது, நறுக்கத்தான் வேண்டும். ஊசியை மாற்றினேன், நூலை மாற்றினேன், துவைத்தும் பார்த்தேன். ம்ஹூம்.

காரணம் உள்ளே வைத்த பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு. வழுக்கும் இழை, நெசவின் இடுக்கு வழியே வெளியே வந்துவிடும். எல்லாவற்றையும் பிரித்து, ஆலையிலேயே ஊசியால் குத்தி இறுக்கிய கறுப்பு நிறப் பருத்தி விரிப்பு வைத்தேன். அதற்கும் மேல்பக்கம், அடிப்பக்கம் உண்டு, பலர் பார்ப்பதில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கம் சின்னக் குழிகள், மறுபக்கம் குட்டிக் குட்டி உருண்டைகள். குழிப் பக்கம் மேல்துணியை ஒட்டி இருக்கவேண்டும். ஆலையில் ஊசி இறங்கிய திசையிலேயே நம் ஊசியும் இறங்கும். இழை எதிர்ப்பக்கம் கிளம்பாது.

அப்புறம், விரிப்பு வந்த உறையில் போட்டிருக்கும், தையல் வரிகளுக்கு நடுவே விடக்கூடிய அதிகபட்ச இடைவெளியைத் தாண்டவில்லை. தாண்டினால் துவைக்கும்போது பஞ்சு ஒரு மூலையில் திரண்டுவிடும்.