ஐஓ-லிங்க் சென்சாரையும் வால்வையும் பிஎல்சியோடு இணைப்பது எப்படி?

ஐஓ-லிங்க் என்பது சென்சார், வால்வு போன்ற கருவிகள் இயந்திரத்தை இயக்கும் கணினியான பிஎல்சியோடு தகவல் பேசும் முறை. இடையில் இருந்து இணைக்கும் பெட்டிதான் மாஸ்டர். மென்பொருளைத் திறக்கும் முன், மாஸ்டரில் இருப்பது கிளாஸ் ஏ போர்ட்டா, கிளாஸ் பி போர்ட்டா என்று டேட்டாஷீட்டில் பாருங்கள். இரண்டிலும் அதே எம்12 கனெக்டர்தான். தவறாக மாட்டினாலும் தடையில்லாமல் உள்ளே போய்விடும். 1-ஆம் பின் (பழுப்பு) 24 வோல்ட், 3-ஆம் பின் (நீலம்) 0 வோல்ட், 4-ஆம் பின் (கறுப்பு) தகவல் போகும் சிக்னல் வயர். இவை இரண்டு வகைக்கும் பொது. கிளாஸ் ஏ-வில் 2-ஆம் பின் கூடுதலான ஒரு சாதாரண இன்புட் அல்லது அவுட்புட். கிளாஸ் பி-யில் 2-உம் 5-உம் ஆக்சுவேட்டருக்கான (வால்வு போல இயங்கி வேலை செய்யும் கருவி) தனி 24 வோல்ட் சப்ளை.

சென்சார்களை கிளாஸ் ஏ-விலும், வால்வுத் தொகுதி, கிரிப்பர் போன்ற அதிக மின்சாரம் இழுப்பவற்றை கிளாஸ் பி-யிலும் மாட்டுங்கள். 2-ஆம் பின்னில் இரண்டாவது அவுட்புட் உள்ள சென்சாரை முழு கேபிளோடு கிளாஸ் பி-யில் மாட்டினால், 24 வோல்ட் நேராக அந்த அவுட்புட்டில் ஏறும். வேறு வழியில்லாமல் அங்கேதான் மாட்ட வேண்டுமென்றால், 1, 3, 4 மட்டும் இணைந்த மூன்று வயர் கேபிளைப் பயன்படுத்துங்கள்.

கிளாஸ் பி-யில் 1, 3-இல் வரும் சப்ளையும் 2, 5-இல் வரும் ஆக்சுவேட்டர் சப்ளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தே இருக்க வேண்டும். எமர்ஜென்சி ஸ்டாப் அழுத்தினால் ஆக்சுவேட்டர் சப்ளை மட்டும் துண்டாகும். தகவல் தொடர்பு உயிரோடு இருப்பதால் எங்கே கோளாறு என்று பிஎல்சியில் தெரியும். அந்தத் துண்டிப்பை சேஃப்டி ரிலேதான் செய்ய வேண்டும். சாதாரண ஐஓ-லிங்க் பிட்டை நம்பி ஆளின் கையை இயந்திரத்துக்குள் விடக் கூடாது.

கேபிள் நீளம் அதிகபட்சம் 20 மீட்டர், ஷீல்டு தேவையில்லை. தகவலுக்கு 20 மீட்டர் போதும் என்பதால் மின்சாரத்துக்கும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 0.34 சதுர மி.மீ. செம்பு வயர் 20 மீட்டருக்குச் சுமார் 1 ஓம். போக வர 2 ஓம். வால்வுத் தொகுதி 2 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 4 வோல்ட் போய்விடும். பேனலில் 24 இருந்தாலும் வால்வுக்குக் கிடைப்பது 20. ±10 சதவீத வரம்புள்ள சோலனாய்டுக்கு (வால்வை நகர்த்தும் மின்காந்தக் காயில்) குறைந்தது 21.6 வேண்டும். வால்வுகளைத் தனித்தனியாக இயக்கிச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். உற்பத்தியில் பல வால்வுகள் ஒரே நேரத்தில் இயங்கும்போது ஒன்று நகராமல் நிற்கும். எனவே எல்லாக் காயில்களையும் ஆன் செய்துவிட்டு, வால்வு முனையில் மல்டிமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். சுமை இல்லாமல் அளந்து பயனில்லை. 0.75 சதுர மி.மீ. வயருக்கு மாறினால் அதே தூரத்தில் இழப்பு 2 வோல்ட்டுக்குள் அடங்கும்.

அடுத்து கான்ஃபிகரேஷன். கருவியின் டிவைஸ் ஐடிக்குப் பொருந்தும் ஐஓடிடி கோப்பை (கருவியின் தகவல், பாராமீட்டர் விவரங்கள் அடங்கியது) இறக்கி, போர்ட்டை ஐஓ-லிங்க் மோடுக்கு மாற்றுங்கள். டிஜிட்டல் இன்புட் மோடிலேயே விட்டுவிட்டால் சென்சார் வெறும் சுவிட்சாக வேலை செய்யும்: விளக்கு எரியும், பிட் மாறும், அளவு மட்டும் வராது. வேகத்தை (4.8, 38.4 அல்லது 230.4 கிலோபிட்) மாஸ்டரே கண்டுகொள்ளும்.

பலர் சிக்கிக்கொள்வது பைட் வரிசையில்தான். ஐஓ-லிங்க் உயர் பைட்டை முதலில் அனுப்பும்; எல்லா பிஎல்சியும் அப்படிப் படிப்பதில்லை. ஒரு வெப்பநிலை சென்சார் 16 பிட்டில் மேல் 14 பிட்டை அளவுக்கும் கீழ் 2 பிட்டைச் சுவிட்ச் நிலைக்கும் வைத்திருப்பதாகக் கொள்வோம். 0.1 டிகிரி கணக்கில் 25.3 டிகிரி என்பது 253. இரண்டு பிட் இடப்பக்கம் நகர்த்தினால் 1012. பைட் மாறிப் படித்தால் அதே அளவு 62467 என்று வந்து நிற்கும். சென்சாரைக் கையால் சூடாக்கிப் பாருங்கள்: அளவு சீராக ஏறாமல் ஆயிரக்கணக்கில் எகிறிக் குதித்தால் பைட்டுகளை இடம் மாற்றுங்கள். பிறகு இரண்டு பிட் வலப்பக்கம் நகர்த்தி, பத்தால் வகுங்கள்.

அந்த அளவைப் பயன்படுத்தும் முன், தகவல் செல்லுபடியாகும் என்று மாஸ்டர் தரும் பிட்டைப் புரோகிராமில் கட்டாயம் சோதியுங்கள். இல்லாவிட்டால் கேபிள் அறுந்ததும் வரும் பூஜ்யத்தை பிஎல்சி 0 டிகிரி என்று நம்பி ஹீட்டரை முழு சக்தியில் போட்டுவிடும். ஆக்சுவேட்டரில், தொடர்பு அறுந்தால் வால்வு மூட வேண்டுமா, இருந்த நிலையிலேயே நிற்க வேண்டுமா என்பதைக் கருவி அனுமதித்தால் பாராமீட்டரில் முடிவு செய்யுங்கள். காற்றழுத்தத்தைக் குறைத்து, ஆட்களை விலக்கி, கனெக்டரைப் பிடுங்கி அதை நேரில் பாருங்கள்.

கடைசியாக டேட்டா ஸ்டோரேஜ், அதாவது கருவியின் செட்டிங்கை மாஸ்டர் நகலெடுத்து வைப்பது. போர்ட்டில் பேக்கப்-ரெஸ்டோர் ஆன் செய்தால், பழுதான சென்சாருக்குப் பதில் அதே மாடலை மாட்டியதும் பழைய செட்டிங்கை மாஸ்டரே ஏற்றிவிடும். புரோகிராமிலிருந்து பாராமீட்டர்களை ஒவ்வொன்றாக எழுதும்போது மட்டும் ஒரு விஷயம்: எழுதி முடித்ததும் இன்டெக்ஸ் 2-ல் (கருவிக்குக் கட்டளை எழுதும் முகவரி) 5 என்ற கட்டளையை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் மாஸ்டரிடம் பழைய நகலே இருக்கும். சென்சார் மாற்றும் அன்று அதுதான் திரும்ப ஏறும். லைன் ஓடத் தொடங்கும் முன்பே உதிரி சென்சாரை ஒருமுறை மாட்டி, ஸ்விட்ச் பாயிண்ட் (சென்சார் ஆன்-ஆஃப் மாறும் அளவு) சரியாக வருகிறதா என்று படித்துப் பாருங்கள்.