மாய வீட்டுக்குள் ஒரு ரோக்: ஒரு மாலை ஆட்டத்தைத் தயார் செய்வது எப்படி

பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை ஒரே ஒரு ஆட்டக்காரரை வைத்து நடத்த வேண்டுமா? ரோக்கையும் (பூட்டுத் திறப்பதும் பதுங்கி அடிப்பதும் கைவந்த திருட்டுப் பாத்திரம்) ஒரு மாய வீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே சொல்லும் கணக்கெல்லாம் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, முதல் லெவலுக்கு.

வரைபடம் போடும் முன் வீட்டுக்கு ஒரு ஆசையை முடிவு செய்யுங்கள். உதாரணமாக, இந்த வீட்டுக்கு விருந்தாளி என்றால் உயிர். வந்தவரை அனுப்ப மனசு வராது. படிக்கட்டு ஏன் சமையலறைக்கே திரும்புகிறது, தட்டு ஏன் தானாக நிரம்புகிறது என்பதெல்லாம் அதிலிருந்தே பிறக்கும். அறைகள் ஐந்தாறு போதும்.

அடுத்தது பூட்டு. இருபது பக்கப் பகடையை உருட்டி, விழும் எண்ணோடு பாத்திரத்தின் திறமையைக் கூட்ட வேண்டும். டெக்ஸ்டெரிட்டி (கைவேகம்) 16 என்றால் +3, புரொஃபிஷியன்சி (பயிற்சி) +2. பூட்டுக் கருவிகளில் எக்ஸ்பர்ட்டீஸ் (தனித் தேர்ச்சி) எடுத்திருந்தால் இன்னொரு 2. ஆக +7. டிசி, அதாவது எட்ட வேண்டிய எண், 15 என்றால் பூட்டு 65% திறக்கும், டிசி 20 வெறும் 40%. கதை நகர வேண்டிய கதவுக்கு 20 வைத்தால், பகடை கைவிட்டதும் ஆட்டம் அங்கேயே படுத்துவிடும். அதனால் தோற்றாலும் கதவு திறக்கட்டும், ஆனால் ஒரு விலையோடு: கம்பி நுழைந்ததும் பூட்டுக்குக் கிச்சுகிச்சு தாங்காமல் 'கெக்கெக்கே' என்று சிரிப்பு வருகிறது, சத்தம் கேட்டு மாடியில் ஏதோ எழுந்து நடக்கிறது.

சண்டையில்தான் கவனம் வேண்டும். ரோக்குக்கு இருப்பதே 9, 10 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி). எதிரிகளில், ஆளைச் சுருட்டும் கம்பளம் பார்க்க வேடிக்கை. சுருட்டிய பிறகு ஒவ்வொரு சுற்றிலும் 2டி6+3 (இரண்டு ஆறு பக்கப் பகடை, கூட 3) அடி, சராசரி 10. ஒரே சுற்றில் ஆள் காலி. வெட்டினாலும் அடியில் பாதி உள்ளே இருப்பவருக்கே! பறக்கும் வாள் ஒன்று போதும்: ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்) 17, ஹிட் பாயிண்ட் 17.

தனியாக வரும் ரோக்குக்கு ஸ்னீக் அட்டாக் (சாதகமான நேரத்தில் விழும் கூடுதல் அடி) எளிதில் அமையாது. அட்வான்டேஜ் (பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) இருக்க வேண்டும், இல்லையென்றால் எதிரிக்கு 5 அடிக்குள் கூட்டாளி நிற்க வேண்டும். ஒரு பேசும் துடைப்பத்தைத் துணைக்குக் கொடுங்கள். அதற்கு அடிக்கத் தெரிய வேண்டாம், வாளை எதிர்த்துப் பக்கத்தில் நின்றாலே கூடுதல் 1டி6 கிடைத்துவிடும்.

வெளிவாசலுக்கு டிசியே வேண்டாம். "போறேன்" என்றால் அது இறுகட்டும். "போயிட்டு வர்றேன்" என்று ஆட்டக்காரர் தன் வாயால் சொன்னால் திறக்கட்டும்.