ஈ-ஃபெட் ப்ரோமோக்களுக்குத் தீர்ப்பு சொல்வது எப்படி?

ஈ-ஃபெட்டில், அதாவது கற்பனை மல்யுத்த வீரர்களை வைத்து எழுத்திலேயே நடத்தும் லீகில், முதல் தடவை நடுவராக உட்காருகிறவர்கள் பலரும் பரீட்சைத் தாள் திருத்துவதுபோல ஆரம்பித்துவிடுகிறார்கள். வேண்டாம். இரண்டு பேர் தாங்களே உருவாக்கிய மல்யுத்த வீரர்களை ஒரே மேட்சுக்காகப் பேசவிட்டு, அந்தச் சவால் பேச்சை, அதாவது ப்ரோமோவை, எழுதி அனுப்பியிருக்கிறார்கள். எதைப் படித்ததும் "இந்தச் சண்டையைப் பார்த்தே ஆகணும்" என்று தோன்றுகிறதோ அதுதான் ஜெயிக்க வேண்டும்.

முதல் வாசிப்பில் மார்க்கே போடாதீர்கள். இரண்டையும் முழுசாகப் படித்து மூடிவைத்துவிட்டு, என்ன நினைவில் நிற்கிறது என்று பாருங்கள். அப்புறம் வரிசையை மாற்றி இன்னொரு முறை, ஏனென்றால் கடைசியாகப் படித்ததுதான் எப்போதும் கொஞ்சம் பளிச்சென்று தெரியும்.

இரண்டாம் வாசிப்பில் நான் முதலில் செய்வது பெயரை மாற்றிப் பார்ப்பது. எதிராளியின் பெயரை எடுத்துவிட்டு லீகில் இருக்கும் வேறு யாருடைய பெயரையாவது போடுங்கள். ப்ரோமோ அப்படியே பொருந்துகிறதா? அப்படியென்றால் அது இந்த மேட்சுக்காக எழுதியது இல்லை. 1985-ல் நிஜ மல்யுத்த வீரர் ரிக் ஃப்ளேரை எதிர்த்து இன்னொரு வீரரான டஸ்டி ரோட்ஸ் பேசியதை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை இழந்த நெசவாலைத் தொழிலாளி, முப்பது வருஷம் உழைத்தவனிடம் ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு அவன் இடத்தில் கம்ப்யூட்டரை வைப்பது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கேட்க ஊர்க்கதை மாதிரி இருக்கும், ஆனால் எதிரே நிற்பவன் விலை உயர்ந்த சூட்டையும் லிமோசினையும் காட்டிப் பெருமை பேசும் ஃப்ளேர், பேசுகிறவரோ பிளம்பரின் மகன். வேறு ஒருவனிடம் பேசியிருந்தால் பாதி வலு போயிருக்கும். 1996 கிங் ஆஃப் த ரிங் மல்யுத்தத் தொடரின் இறுதிப் போட்டி முடிந்ததும் ஸ்டீவ் ஆஸ்டின் செய்ததும் இதைத்தான்: தோற்ற ஜேக் ராபர்ட்ஸ் பைபிள் வசனம் சொல்லித் திரிந்தவர், அந்த வசன எண்ணையே பிடுங்கித் தன் பெயரோடு ஒட்டி "ஆஸ்டின் 3:16" ஆக்கிக்கொண்டார்.

இந்தச் சோதனையை நான் கற்றுக்கொண்டது ஒரு தப்பான தீர்ப்பு சொன்ன பிறகு. மழை, பழைய ஜிம், இறந்துபோன அப்பா என்று அழகாக எழுதியிருந்த நீளமான ப்ரோமோவுக்கு வெற்றி கொடுத்தேன். தோற்றவர் வந்து "ஏன்?" என்று கேட்டபோது திரும்பப் படித்தேன், அதில் எதிராளியின் பெயர் வந்ததே இரண்டு இடத்தில்தான். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அடுத்தது குரல். சத்தமாக வாசித்துப் பாருங்கள். முகமூடி போட்ட முரடன் பட்டிமன்றப் பேச்சாளர் மாதிரி பேசினால், பேசுவது எழுதியவர், அந்த வீரன் இல்லை. ஹீல் (வில்லன் வீரன்) என்றால் கெட்ட வார்த்தை மட்டும் போதாது, தன் பக்கம்தான் நியாயம் என்று அவன் நிஜமாகவே நம்ப வேண்டும்.

எதிராளியை வெறும் குப்பை என்று திட்டித் தீர்க்கும் ப்ரோமோக்களிடம் நான் கறாராக இருப்பேன். குப்பையை ஜெயித்து என்ன பெருமை? தோற்றால் இன்னும் கேவலம். அவனிடம் பயப்பட என்ன இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு, அப்படியும் ஏன் தானே ஜெயிப்பான் என்று சொல்கிறவனுக்கு என் மார்க் கூடும். எதிராளியின் வாயில் தானே வசனம் வைப்பது, அவனை அடித்து வீழ்த்தியதாகத் தானே எழுதிவிடுவது, இதெல்லாம் காட்மோடிங். தயங்காமல் குறையுங்கள்.

எழுத்துப்பிழை படிக்கத் தடையாக இருந்தால் மட்டும் பாருங்கள். நீளத்துக்குத் தனி மார்க் கிடையாது.

ஒருவர் இரண்டு மூன்று ப்ரோமோ அனுப்பலாம் என்ற விதி உள்ள லீக் என்றால், பிந்தையது எதிராளி நடுவில் சொன்னதற்குப் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். கிட்டத்தட்ட சமமாக வந்தால் நான் பதில் சொன்னவருக்கே கொடுக்கிறேன். பழைய வெற்றிக் கணக்கு, நட்பு, சாம்பியன் பெல்ட் யாரிடம் இருந்தால் கதைக்கு நல்லது என்ற யோசனை, எதுவும் உள்ளே வரக்கூடாது. முடிந்தால் எழுதியவர் யார் என்று தெரியாதபடி ப்ரோமோக்களை உங்களுக்கு அனுப்பித் தரும்படி வேறு ஒருவரிடம் சொல்லுங்கள்.

தீர்ப்போடு காரணமும் எழுதுங்கள், குறிப்பாகத் தோற்றவருக்கு. அவருடைய ப்ரோமோவில் வேலை செய்த ஒரு வரியையும் சறுக்கிய ஒரு இடத்தையும் அப்படியே எடுத்துக் காட்டினால் போதும், அடுத்த வாரம் அவர் மறுபடி எழுதுவார்.