பெட்டை நாயை இணைக்கு விட நாள் பார்ப்பது எப்படி? கலண்டரை நம்பி ஏமாந்தவன் சொல்கிறேன்

"பதினொன்றும் பதின்மூன்றும் விடு தம்பி, குட்டி கட்டாயம் நிற்கும்." எங்கள் பக்கம் நாய் வளர்க்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். எங்கள் லப்ரடோர் பெட்டைக்கு முதல் தடவை நானும் அப்படியே செய்தேன். வேட்கைக்கு (இணை தேடும் பருவத்துக்கு) வந்து இரத்தம் கண்ட நாளை ஒன்று என்று வைத்து, கலண்டரில் வட்டம் போட்டு, வான் பிடித்து, கோண்டாவிலில் இருந்து சாவகச்சேரியில் இருக்கிற கடுவனிடம் (ஆண் நாயிடம்) இரண்டு தடவை கொண்டுபோனேன். பிறகு ஒன்பது கிழமை முட்டையும் மீனுமாகப் போட்டதில் பெட்டை நன்றாகக் கொழுத்தது, அவ்வளவுதான். கடுவனில் குறை சொல்லவும் வழியில்லை, அதே மாதம் வேறொரு பெட்டையில் அது ஏழு குட்டி கொடுத்திருந்தது. நாள்தான் பிழைத்தது.

அடுத்த தடவை இரத்தப் பரிசோதனை வைத்துச் செய்தேன். முதல்முறை செய்கிறவர்களுக்காக அதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள்

மாடு வளர்த்த வீடு என்றால் உங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கும். மாடு விடியக் கத்தினால் பின்னேரம் சினை ஊசி, பின்னேரம் கத்தினால் மறுநாள் விடிய ஊசி. அந்தக் கணக்கை நாயிடம் கொண்டுவரவே கூடாது. மாட்டின் கருமுட்டை வெளியே வரும்போதே கருக்கட்டத் தயாராக வரும். நாயின் முட்டை மாங்காய் மாதிரி, பறித்த பிறகு வைத்துப் பழுக்க வேண்டும். வெளியே வந்து 2 முதல் 3 நாள் கழித்துத்தான் அது முதிரும், முதிர்ந்தபின் ஏறக்குறைய 2 அல்லது 3 நாள்தான் உயிரோடு இருக்கும். ஆகவே நமக்குத் தேவையான ஒரே ஒரு திகதி, முட்டை வெளியேறிய நாள். மற்ற எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான்.

அந்த நாளை இரத்தம் கண்ட நாளிலிருந்து எண்ணிப் பிடிக்க முடியாது. சராசரிக்கு இரத்தம் படுகிற காலம் ஒன்பது நாள், கடுவனை ஏற்கும் காலம் ஒன்பது நாள் என்று சொல்வார்கள், ஆனால் இரத்தம் படுகிற காலம் மூன்று நாளில் முடிந்த பெட்டையும் உண்டு, இரண்டரைக் கிழமை இழுத்த பெட்டையும் உண்டு, ஒரே பெட்டைக்கே தடவைக்குத் தடவை மாறும். அதோடு முதல் சொட்டை நாம் கண்டோமா என்பதே சந்தேகம். சுத்தமான பெட்டைகள் நக்கித் துடைத்துவிடும், நாம் மூன்றாம் நாள் சீமெந்துத் தரையில் பார்த்துவிட்டு அதை முதல் நாள் என்று எழுதுவோம்.

படி 1: வேட்கைக்கு வருமுன்பே செய்யவேண்டியவை

பெட்டைக்கு ஒன்றரை, இரண்டு வயதாவது ஆகட்டும், முதல் வேட்கையில் விடவே வேண்டாம். விசர்நாய் ஊசி, பார்வோ ஊசி, பூச்சி மருந்து எல்லாம் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். புருசெல்லா என்ற கிருமிக்கான பரிசோதனையை இரண்டு நாய்க்கும் கேளுங்கள். குட்டி கலைவதற்கும் கடுவன் மலடாவதற்கும் அது ஒரு காரணம், மனிதருக்கும் தொற்றும். "என்ரை நாய்க்கு அப்படி ஒண்டும் இல்லை" என்று கடுவன்காரர் கோபித்தால், வேறு கடுவன் பாருங்கள்.

படி 2: வேலியை அடைத்துவிடுங்கள்

சிரிக்காதீர்கள், இது பரிசோதனையைவிட முக்கியம். இரத்தம் கண்ட இரண்டாம் நாளே தெருக் கடுவன்கள் படலையடியில் படுக்கத் தொடங்கும். கதியால் வேலியில் ஒரு பொட்டு (ஓட்டை) இருந்தால் போதும். ஒரே ஈற்றில் இரண்டு தகப்பனுக்குக் குட்டி பிறப்பது நாயில் நடக்கிற காரியம்தான், அதனால் "ஏற்கெனவே நல்ல கடுவனுக்கு விட்டாயிற்று, இனிப் பயமில்லை" என்று அவிழ்த்துவிடாதீர்கள். ஏற்கும் காலம் முழுவதும் முடிகிற வரைக்கும் சங்கிலியில்தான் வெளியே போகவேண்டும்.

படி 3: கண்ணால் பார்த்துக் குறியுங்கள்

ஒரு கொப்பியில் தினமும் ஒரு வரி போதும். முதலில் யோனி வீங்கிக் கல்லுப்போல இருக்கும், கசிவு கடும் சிவப்பு, கடுவன் கிட்ட வந்தால் உறுமும். பிறகு வீக்கம் இளகும், கசிவு இறைச்சி கழுவிய தண்ணீர் நிறத்துக்கு வெளிறும், முதுகின் அடியில் தடவினால் வாலை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு நிற்கும். இதெல்லாம் நல்ல அறிகுறிகள்தான், ஆனால் கடைசிவரை சிவப்பாகவே கசிகிற பெட்டைகளும் இருக்கின்றன, வாலை ஒதுக்கியும் முட்டை வராத நாட்களும் இருக்கின்றன. எனவே கொப்பி பரிசோதனைக்குத் துணை, அதற்குப் பதில் அல்ல.

படி 4: கலப் பரிசோதனை

மிருக வைத்தியர் ஒரு பஞ்சுக் குச்சியால் யோனியின் உட்பக்கத்தைத் துடைத்து, கண்ணாடித் தகட்டில் உருட்டி, நிறமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். தொடக்கத்தில் கலங்கள் (செல்கள்) உருண்டையாக, நடுவில் பெரிய உட்கருவோடு இருக்கும். ஈஸ்திரஜன் என்ற ஓமோன் ஏற ஏற அவை தட்டையாகி, மூலை மடிந்து, உட்கரு சுருங்கி மறைந்துவிடும். எங்கள் டொக்டர் எனக்கும் ஒருக்கால் பார்க்கத் தந்தார், உடைந்த அப்பளத் துண்டுகளைக் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது. பத்தில் எட்டு ஒன்பது கலம் அப்படி ஆகிவிட்டால் பெட்டை ஏற்கும் காலத்துக்கு வந்துவிட்டது. முட்டை எந்த நாளில் வந்தது என்று மட்டும் இது சொல்லாது. மலிவு, உடனே முடிவு தெரியும், இரத்தப் பரிசோதனையை எப்போது நெருக்கமாகச் செய்யவேண்டும் என்று காட்டும், அவ்வளவுக்கு இது நல்லது.

படி 5: புரொஜெஸ்டிரோன்

இதுதான் விசயம். முட்டை வெளியேறுவதற்கு ஏறக்குறைய 48 மணித்தியாலத்துக்கு முன் எல்.எச் என்ற ஓமோன் ஒருநாள் திடீரென்று உயர்ந்து இறங்கும். அதைப் பிடிப்பதென்றால் தினமும் இரத்தம் எடுக்கவேண்டும், பிடித்தாலும் அதிட்டம். ஆனால் அதே வேளையில் புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஓமோன் ஏறத் தொடங்கிவிடும், தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும், அதனால் அதைத் தொடர்வது சுலபம். நாயிலும் மனிதரிலும் இந்த ஓமோன் ஒன்றேதான், எனவே மனிதருக்குச் சோதிக்கிற ஆய்வுகூட இயந்திரத்திலும் பார்க்கலாம். மிருக வைத்தியர் இரத்தம் எடுத்துத் தர, நீங்கள் மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியதுதான்.

மில்லிலீற்றருக்கு நனோகிராம் கணக்கில் மனதில் வைக்கவேண்டிய எண்கள் இவை. 1க்குக் கீழே என்றால் இன்னும் ஒன்றும் தொடங்கவில்லை. 2 அளவில் எல்.எச் எழும்பிவிட்டது. 4 முதல் 8க்குள், பெரும்பாலும் 5ஐ ஒட்டி, முட்டை வெளியேறுகிறது. 10ஐத் தாண்டி 20 பக்கம் போகும்போது முட்டை முதிர்ந்திருக்கும்.

இரத்தம் கண்ட ஐந்தாம் ஆறாம் நாளில் முதல் பரிசோதனை செய்யுங்கள். 1க்குக் கீழே இருக்கும்வரை மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். 1ஐத் தாண்டியதும் ஒன்றுவிட்ட ஒருநாள். தனி ஓர் எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள், எண் ஏறுகிற விதம்தான் பேசும். சில பெட்டைகளுக்கு ஏறத் தொடங்கி அப்படியே நின்று, வேட்கை அடங்கி, சில கிழமை கழித்துத் திரும்ப வரும். 5ஐக் கண்ட பிறகும் இன்னொரு தடவை செய்து 10ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பது அதற்காகத்தான்.

இரத்தம் கொடுக்கும்போது கவனிக்க: ஜெல் இல்லாத சாதாரண சிவப்பு மூடி ரியூப் கேளுங்கள், ஜெல் இந்த ஓமோனை உறிஞ்சி எண்ணைக் குறைத்துக் காட்டக்கூடும். எடுத்தவுடன் ஐஸ் பெட்டிக்குள் வைக்காதீர்கள், சீரம் (இரத்தத்தின் தெளிந்த நீர்) பிரிந்த பிறகே குளிரூட்ட வேண்டும். கடைசிவரை ஒரே ஆய்வுகூடம்.

இந்தக் கடைசி வரியை நான் பட்டுத்தான் படித்தேன். ஆறாம் நாள் 0.4, ஒன்பதாம் நாள் 0.6, பன்னிரண்டாம் நாள் 1.1. பதினான்காம் நாள் போயா விடுமுறை, வழக்கமான இடம் பூட்டு, வேறொரு இடத்தில் கொடுத்தேன். பின்னேரம் வட்ஸ்அப்பில் 6.4 என்று வந்தது. முட்டை வந்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு சாவகச்சேரி அண்ணைக்குப் போன் போட்டு நாள் குறித்தாயிற்று. பிறகு டொக்டருக்குப் படத்தை அனுப்பினால், "தம்பி, எண்ணுக்குப் பக்கத்திலை என்ன போட்டிருக்கு எண்டு வடிவாப் பாருங்கோ" என்றார். நனோமோல், அதாவது லீற்றருக்கு எத்தனை நனோமோல் என்ற வேறு அளவு. இந்தக் கணக்கில் வருவதை 3.18ஆல் பிரித்தால்தான் நனோகிராம் வரும். 6.4ஐப் பிரித்தால் 2.0. அதாவது முட்டை வர இன்னும் இரண்டு நாள். அவரைக் கேட்காமல் விட்டிருந்தால் இரண்டு நாள் முந்திப்போயிருப்பேன். பதினாறாம் நாள் பழைய இடத்திலேயே செய்தேன், 5.8. அதுதான் முட்டை நாள். போனமுறை அது இதே மாதிரி என்றால், நான் வான் பிடித்துக்கொண்டு திரிந்த நாட்களில் முட்டை உள்ளேயே இருந்திருக்கிறது.

பாமசியில் பெண்களுக்கு முட்டை நாள் பார்க்க விற்கிற சிறுநீர்ப் பட்டியை வைத்துப் பார்க்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நாய்க்கு அதை நம்ப முடியாது, காசை இரத்தப் பரிசோதனைக்கு வையுங்கள்.

படி 6: எந்த நாளில் விடுவது

கடுவனிடம் நேரே விடுவதென்றால் முட்டை வந்து இரண்டாம் நாள் ஒருமுறை, நான்காம் நாள் ஒருமுறை. நல்ல கடுவனின் விந்து உள்ளே 5 முதல் 7 நாள் உயிரோடு இருக்கும் என்பதால் ஒருநாள் முன்பின் ஆனாலும் பெரிய மோசமில்லை. குளிரூட்டிக் கொண்டுவரும் விந்து இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். உறைய வைத்தது உருகியபின் ஒரு நாள் தாங்கினாலே பெரிய காரியம், அதில் நாள் பிழைத்தால் எல்லாம் பிழை, அது முழுக்க மிருக வைத்தியரின் வேலை.

நான் பதினெட்டாம் நாளும் இருபதாம் நாளும் விட்டேன். பதினெட்டாம் நாள் விடிய எடுத்த இரத்தத்தில் எண் 13. பெட்டையைத்தான் கடுவன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகவேண்டும், புது வளவில் பல கடுவன்களுக்கு மனம் ஓடாது. வெயில் ஏறுமுன் போங்கள், இரண்டுக்கும் முன்னால் சாப்பாடு வேண்டாம். இணைந்தபின் இரண்டும் பின்பக்கம் ஒட்டி எதிரெதிரே திரும்பி நிற்கும், ஐந்து நிமிடமும் ஆகும், அரை மணித்தியாலமும் ஆகும். இழுக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், ஒருவர் பெட்டையின் தலையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தால் போதும். பெட்டை சங்கடப்பட்டுக் கடித்தால் வாயைக் கட்டலாம், ஆனால் திரும்பத் திரும்ப உட்கார்ந்துகொண்டு மறுத்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

படி 7: பிறகு

முட்டை நாளிலிருந்து 28 நாள் போனதும் ஸ்கேன் செய்து கரு நிற்கிறதா பார்க்கலாம். எத்தனை குட்டி என்று எண்ண 55 நாளுக்குப் பிறகு எக்ஸ்றே. குட்டி நின்றாலும் நிற்காவிட்டாலும், வேட்கை முடிந்து இரண்டு மாதத்துக்குள் பெட்டை சோர்ந்து, கனக்கத் தண்ணீர் குடித்து, கெட்ட நாற்றத்தோடு கசிந்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம், அன்றே கொண்டு ஓடுங்கள்.

ஈனும் நாளையும் முட்டை நாளிலிருந்துதான் எண்ணவேண்டும்: 63 நாள், ஒருநாள் முன்பின். இணைக்கு விட்ட நாளிலிருந்து எண்ணினால் 57இல் இருந்து 72 வரை எங்கேயும் வரும். 59ஆம் நாளிலிருந்து விடியவும் இரவும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள், 37 பாகைக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனும். எங்கள் பெட்டைக்கு 62ஆம் நாள் இரவு 36.8 காட்டியது. மறுநாள் விடிய நாலு மணிக்கு, நாங்கள் பழஞ்சேலை விரித்து வைத்திருந்த பெட்டியை விட்டுவிட்டு, விறகுக் கொட்டிலுக்குள் போய் முதல் குட்டியைப் போட்டது. எக்ஸ்றேயில் ஆறு எண்ணியிருந்தோம். பத்து மணிக்கு எல்லாம் முடிந்ததென்று தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோது ஏழாவது வந்தது.