டேட்டா வருது, ஃபிக்ஸ் ஆகல: என்ட்ரிப் காஸ்டர் அப்டேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையைச் சுற்றி லேஅவுட் போடுபவர் முதல் சாலை அகலப்படுத்தும் ஒப்பந்ததாரர் வரை இன்று பலர் கையிலும், நிலத்தில் ஒரு புள்ளியின் இடத்தைத் துல்லியமாக அளக்கும் ஆர்டிகே கருவி இருக்கிறது. களத்தில் அதற்கு இன்னும் டிஜிபிஎஸ் என்றுதான் பெயர். செயற்கைக்கோளை மட்டும் நம்பினால் அந்தக் கருவி சில மீட்டர் வரை தப்பாகச் சொல்லும். இருப்பிடம் துல்லியமாகத் தெரிந்த பேஸ் ஸ்டேஷன் ஒன்று நொடிக்கு நொடி திருத்தத் தரவு அனுப்பிக்கொண்டிருந்தால், பிழை ஓரிரு சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும்; கருவி அந்த நிலையை எட்டுவதைத்தான் ஃபிக்ஸ் என்பார்கள். பேஸிடமிருந்து அந்தத் தரவை வாங்கி, கேட்கிற ரோவருக்கெல்லாம் (களத்தில் அளக்கும் கருவிக்கு) இணையம் வழியாகக் கொடுக்கும் சர்வர்தான் என்ட்ரிப் காஸ்டர். சர்வே ஆஃப் இந்தியா நாடு முழுக்க இப்படி ஒரு பெரிய நிலைய வலையை நடத்துகிறது. அதுபோக, மொட்டை மாடியில் சொந்தமாக ஒரு பேஸ், வாடகை சர்வரில் ஒரு காஸ்டர் என்று வைத்திருக்கும் சிறிய சர்வே நிறுவனங்களும் உண்டு. நான் எழுதுவது அவர்களுக்காக, குறிப்பாக அந்த சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஒற்றை ஆளுக்காக.

இந்த வேலையில் நான் பார்க்கும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான். அப்டேட் சரியாக முடிந்ததா என்பதை சர்வர் பக்கம் உட்கார்ந்தே முடிவு செய்துவிடுகிறார்கள். சரியா தவறா என்று சொல்ல வேண்டியது வெயிலில் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவரின் திரை.

சர்வீஸ் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு எழுந்து போவது

அப்டேட் முடிந்தது, சர்வீஸ் பச்சையாக இருக்கிறது, பேஸ் இணைந்துவிட்டது, ரோவர்களும் வந்துவிட்டன. அரை மணி நேரத்தில் திருப்போரூர் பக்கத்திலிருந்து போன் வரும்: “சார், டேட்டா வருது, ஆனா ஃபிக்ஸ் ஆகல.” இந்த வாக்கியத்தை அலட்சியம் செய்யாதீர்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது. இணைப்பு சரி, பைட்டுகளும் போகின்றன, உள்ளே இருக்க வேண்டியது ஏதோ இல்லை என்று அர்த்தம்.

திருத்தத் தரவு ஆர்டிசிஎம் என்ற வடிவில், எண்ணிட்ட செய்திகளாகப் போகிறது. 1005 அல்லது 1006 பேஸ் எங்கே இருக்கிறது என்று சொல்லும். 1074, 1084, 1094, 1124 ஆகியவை முறையே ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டூ அளவீடுகள். 1230 குளோனாஸ் சார்ந்த ஒரு திருத்தம். பேஸ் ஒரு கம்பெனி, ரோவர் வேறு கம்பெனி என்றால் அது இல்லாமல் குளோனாஸ் சண்டித்தனம் செய்யும். அப்டேட்டில், எந்தச் செய்திகளை அனுப்புவது என்று தீர்மானிக்கும் வடிகட்டி அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பி 1005 மட்டும் விடுபட்டுப்போனால், மற்ற அளவீடுகள் எல்லாம் வந்தும் ரோவருக்குப் பேஸின் இடம் தெரியாது. ஃபிக்ஸ் எப்படி வரும்?

இதன் இன்னொரு வடிவமும் உண்டு. 1074 வரிசைச் செய்திகள் 2013-இல் வந்த ஆர்டிசிஎம் 3.2 பதிப்பைச் சேர்ந்தவை. அதற்கு முந்தைய ரோவர்களுக்கு 1004, 1012 தான் தெரியும். புதிய மென்பொருள் பழைய செய்திகளை நிறுத்திவிட்டுப் புதியவற்றை மட்டும் அனுப்பினால், புதுக் கருவி வைத்திருப்பவர் எந்த மாற்றத்தையும் உணரமாட்டார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கருவியோடு பிழைப்பு நடத்துபவர்தான் மாட்டிக்கொள்வார்.

எனவே அப்டேட்டுக்கு முன் ஒவ்வொரு மவுண்ட்பாயின்ட்டிலிருந்தும் (காஸ்டரில் ஒரு பேஸின் தரவு கிடைக்கும் பெயர்) பத்து நிமிடத் தரவை ஃபைலில் பதிந்து வையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆர்டிகேலிப் மென்பொருள் இதற்குப் போதும். எந்தெந்த எண்கள், எத்தனை நொடிக்கு ஒரு முறை என்று பட்டியல் எடுங்கள். அப்டேட் முடிந்ததும் அதே பட்டியலை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் போன்கள் பாதியாகக் குறையும்.

எல்லா ரோவரும் புதிய மொழி பேசும் என்று நினைப்பது

பழைய ரோவர் காஸ்டரோடு பேசுவதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். வழக்கமாக 2101 போர்ட்டில் இணைகிறது. மவுண்ட்பாயின்ட் பெயரைச் சொல்லி ஒரு கெட் கோரிக்கை வைக்கிறது. கூடவே பேஸ்64 என்ற எழுத்துக் குறிமுறையில் மாற்றிய பயனர் பெயரும் பாஸ்வேர்டும். என்ட்ரிப் முதல் பதிப்புப்படி காஸ்டர் தரும் பதில் ‘ஐசிஒய் 200 ஓகே’ என்ற வரி. இது இணைய வானொலி சர்வர்களின் வழக்கம். என்ட்ரிப் காஸ்டர் அந்த வானொலி மென்பொருளிலிருந்து பிறந்தது. அந்த வரி முடிந்ததும் ஆர்டிசிஎம் பைட்டுகள் ஓட ஆரம்பிக்கும்.

இரண்டாம் பதிப்பு முறையான எச்டிடிபி. பதில் வரியே வேறு. தரவையும் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கு முன்னும் அதன் நீளத்தை எழுதி அனுப்பலாம். இந்தத் துண்டு முறை தெரியாத ரோவருக்கு அப்படி அனுப்பினால் என்ன ஆகும்? நீள எண்களையும் தரவின் பகுதி என்றே அது எடுத்துக்கொள்ளும். ஓர் ஆர்டிசிஎம் செய்தியின் நடுவில் துண்டு முடிந்தால், அந்தச் செய்திக்குள் சில அந்நிய பைட்டுகள் புகுந்துவிடும். செய்தியின் கடைசியில் உள்ள 24 பிட் சரிபார்ப்பு எண் பொருந்தாது, ரோவர் அதைத் தூக்கி எறிந்துவிடும். திரையில் பைட் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

நல்ல காஸ்டர், ரோவர் தன் கோரிக்கையில் இரண்டாம் பதிப்பு என்று சொன்னால் மட்டும் இரண்டாம் பதிப்பில் பதில் தரும். அப்டேட்டுக்குப் பிறகும் அப்படித்தான் செய்கிறதா என்று இரண்டு விதமாகவும் இணைந்து பாருங்கள். பாதுகாப்புக்காக முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற ப்ராக்சியை (இடையில் நிற்கும் சர்வரை) புதிதாக நிறுத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாதாரண வலைத்தளத்துக்குப் போடும் எச்டிடிபி அமைப்பைப் போட்டால் ‘ஐசிஒய்’ வரி ரோவருக்கு அப்படியே போய்ச் சேராது. போதாததற்கு ப்ராக்சி தரவைத் தேக்கி வைத்து மொத்தமாக விடும். ஒரு நொடிக்கு முந்தைய திருத்தமும் பதினைந்து நொடிக்கு முந்தைய திருத்தமும் ஒன்றல்ல. டிசிபியை அப்படியே கடத்தும் ஸ்ட்ரீம் முறையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

பேஸின் ஆயத்தொலைவைத் தொடுவது

எனக்கு உண்மையில் பயம் தருவது இதுதான். மேலே சொன்ன தவறுகளில் ஃபிக்ஸ் வராது, ஆள் போன் செய்வார், சரிசெய்துவிடலாம். இதில் ஃபிக்ஸ் வரும். திரை பச்சை காட்டும். எல்லாரும் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அளந்த அத்தனை புள்ளிகளும் ஒரே திசையில் நகர்ந்திருக்கும்.

எப்படி நடக்கிறது? பல பேஸ் ரிசீவர்களில் தன் இடத்தைத் தானே சில நிமிடம் சராசரி எடுத்துக் கண்டுபிடிக்கும் ஒரு முறை உண்டு, சர்வே-இன் என்பார்கள். ஃபர்ம்வேர் (ரிசீவருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட்டில் அமைப்புகள் அழிந்து ரிசீவர் அந்த முறைக்குத் திரும்பிவிட்டால், நேற்று வரை நீங்கள் கொடுத்திருந்த துல்லியமான ஆயத்தொலைவு போய், ஒரு மீட்டரோ அதற்கு மேலோ தள்ளிய ஓர் எண் 1005-இல் ஏறிவிடும். ரோவர் பேஸை அப்படியே நம்பும். அதன் கணக்கில் தவறே இல்லை. நாளைக்கு அந்தப் புள்ளிகளை எஃப்எம்பி (அரசின் நில அளவைப் பதிவு) வரைபடத்தோடு பொருத்தும்போது பக்கத்து மனைக்காரரோடு தகராறு வரும். சுற்றுச்சுவர் எழும்பிய பிறகு தெரிந்தால் நஷ்டம் யார் தலையில்?

இந்த நகரத்தில் இதைச் சொல்லத் தனியாக ஒரு காரணமும் இருக்கிறது. 1802 ஏப்ரலில், இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியபோது, சங்கிலி வெப்பத்தில் எவ்வளவு நீள்கிறது என்பதையும் கணக்கில் எடுத்தார். தொடக்க அளவில் விழும் பிழை, அதை வைத்து அளக்கும் எல்லாவற்றிலும் போய் உட்காரும் என்பது அன்றே தெரிந்த விஷயம்.

ஆகவே 1005-இல் உள்ள மூன்று எண்களை அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் எழுதி ஒப்பிடுங்கள். கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும். முடிந்தால் அலுவலக வாசலிலோ மாடியிலோ நிலையான ஆணி ஒன்று அடித்து, அதன் ஆயத்தொலைவை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் ரோவரால் அளந்து பாருங்கள். ஆண்டெனா வகை, ஆண்டெனா உயரம் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். உயரத்தில் வரும் பிழை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

‘எப்படியும் அப்டேட் செய்கிறோமே, ஆயத்தொலைவையும் புதிய உலகச் சட்டகத்துக்கு (ஆயத்தொலைவுகளுக்கான உலகளாவிய அடிப்படைக்கு) மாற்றிவிடலாம்’ என்ற ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. பழைய ஆண்டின் ஆயத்தொலைவை இன்றைய தேதிக்கு மாற்றினால் பத்தாண்டில் அரை மீட்டர் வித்தியாசம். பாதியில் நிற்கும் வேலைகள் எல்லாம் பழைய எண்ணில் இருக்கும். அந்த மாற்றத்தைத் தனியாக, முன்கூட்டியே சொல்லி, வேறு மவுண்ட்பாயின்ட் பெயரில் செய்யுங்கள்.

இருட்டிய பிறகு சோதித்து முடிவு கட்டுவது

வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு, இரவு எட்டு மணிக்கு அப்டேட் போடுவது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது, சென்னை அதற்கு அருகில் இருக்கிறது. சூரியன் மறைந்ததிலிருந்து நள்ளிரவு வரை அயனி மண்டலம் இங்கே கலங்கி, செயற்கைக்கோள் சிக்னல் துடிக்கும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், அதுவும் சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில் இது அதிகம். அந்த நேரத்தில் ஃபிக்ஸ் விட்டு விட்டு வந்தால், நல்ல அப்டேட்டைத் தப்பு என்று நினைத்துத் திரும்ப எடுத்துவிடுவீர்கள். உண்மையான கோளாறை ‘ராத்திரி இப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடவும் வாய்ப்பு உண்டு.

ஒரே இடத்தில் நிற்கும் சோதனை ரோவரை வைத்து, முந்தைய நாளின் அதே நேரத்தோடு ஒப்பிடுவதுதான் முறை. ஜிபிஎஸ் கோள்களின் அமைப்பு தினமும் ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாகத் திரும்ப வரும், அவ்வளவுதான் வித்தியாசம். களக் குழுக்கள் வெயிலுக்கு முன் காலை ஆறு மணிக்கே இறங்கிவிடுவதால், ஞாயிறு மதியம் தோதான நேரம் என்பது என் எண்ணம்.

பேஸ் ரிசீவரின் ஃபர்ம்வேரைத் தொலைவிலிருந்து போடுவதாக இருந்தால், மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் வீட்டைவிட்டு வெளியே வரவே படகு தேவைப்பட்டது. அப்படி ஒரு வாரத்தில் பேஸ் எழுந்திருக்கவில்லை என்றால் மாடிக்கு யார் போவது?

சின்னதாகத் தெரிபவை

காஸ்டரை லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியின் கீழ் கொண்டுவரும்போது, ஒரே சமயத்தில் திறந்து வைக்கக்கூடிய ஃபைல்களின் வரம்பு பெரும்பாலும் 1024 என்று உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு ரோவர் இணைப்பும் அதில் ஒன்று. சிக்னல் போய்ச் சொல்லாமல் மறைந்த ரோவர்களின் இணைப்பும் அதில் சேரும். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவ் தொடங்க லினக்ஸ் இயல்பாகக் காத்திருப்பது 7200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம். ஒரு பயனருக்கு ஓர் இணைப்பு என்று வைத்திருந்தால், பாலத்துக்கு அடியில் சிக்னல் விட்ட சர்வேயர் திரும்ப வரும்போது ‘ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்’ என்று கதவு சாத்தப்படும். இரண்டையும் சர்வீஸ் ஃபைலிலும் காஸ்டர் அமைப்பிலும் வெளிப்படையாக எழுதிவையுங்கள்.

மவுண்ட்பாயின்ட் பெயரில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். ஐபி முகவரியையும் மாற்றாதீர்கள். டொமைன் பெயர் கொடுத்திருந்தாலும் பாதிப் பேர் கன்ட்ரோலரில் எண்ணைத்தான் அடித்து வைத்திருப்பார்கள்.

பயந்து அப்டேட்டே செய்யாமல் இருப்பது

இதுவும் தவறுதான். ஜிபிஎஸ் ரிசீவரின் தரவைப் படிக்கும் ஜிபிஎஸ்டி என்ற பரவலான மென்பொருளில் ஒரு பிழை இருந்தது. 2021 அக்டோபர் 24 அன்று அது 1024 வாரம் பின்னால் போய், தேதியை 2002 மார்ச் என்று சொல்லும் நிலை. திருத்திய பதிப்பு அதற்கு முன்பே வெளியாகிவிட்டது. அதை நிறுவாதவர்களுக்குத்தான் சிக்கல். என்ட்ரிப் முதல் பதிப்பில் பாஸ்வேர்ட் மறைகுறியாக்கம் இல்லாமல் போகிறது என்பதையும் மறக்க வேண்டாம். சர்வரின் மற்ற கதவுகளையாவது பூட்டி வைக்க வேண்டும்.

அப்டேட்டின்போது லாக் ஃபைல்களை அழித்து இடம் பண்ணும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதியிட்டு வெளியிட்ட உத்தரவு, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. இணையத் தாக்குதல் போன்ற சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது.

கடைசியாக, திரும்பி வரும் வழி. பழைய காஸ்டரை அதன் அமைப்பு ஃபைல்களோடு அப்படியே வைத்து, இரண்டு வாரம் 2102 போன்ற வேறு போர்ட்டில் ஓடவிடுங்கள்; பேஸ் தரவு இரண்டுக்கும் போகட்டும். வாட்ஸ்அப் குழுவில் முதல் நாளே போட்டுவிடுங்கள்: “ஞாயிறு மதியம் 2 மணிக்கு அப்டேட். ஃபிக்ஸ் வரவில்லை என்றால் போர்ட்டை 2102 என்று மாற்றி வேலையைத் தொடருங்கள், அப்புறம் கருவியின் மாடலை எனக்கு அனுப்புங்கள்.” வந்து சேரும் மாடல் பெயர்களைக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த அப்டேட்டுக்கு முன் எந்தெந்தக் கருவியை இரவல் வாங்கிச் சோதிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.