டாப்ஸ் போட்டுப் பார்க்கும்போது தோளில் தொடங்குங்கள்

டிரையல் ரூமுக்குள் போனதும் பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது இடுப்பைத்தான். பிடிக்கிறதா, தொளதொளவென்று தொங்குகிறதா என்று பக்கவாட்டில் திரும்பிப் பார்ப்பார்கள். உண்மையில் இடுப்பைக் கடைசியில் பார்த்தாலும் போதும். அங்கே லூஸாக இருந்தால் பக்கத் தையலில் பிடித்துவிடலாம். நீளம் அதிகமென்றால் கீழே மடித்து அடித்துவிடலாம். தோள் அகலம் தப்பிப்போனால்தான் சங்கடம். கையைப் பிரித்து, தோளைக் குறைத்து, கைக்குழியைப் புதிதாக வெட்டி, மறுபடி கையைப் பூட்ட வேண்டும். நல்ல தையல்காரரே அந்த வேலைக்கு யோசிப்பார். தோள் சிறியதாக இருந்தாலோ, அகலப்படுத்தத் துணியே இருக்காது. அதனால் தோள் சரியில்லாத டாப்ஸை அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை, கழற்றி வைத்துவிடலாம்.

போடுவதற்கு முன்

அந்த டாப்ஸுக்கு எந்த பிரா போடுவீர்களோ அதையே அணிந்து போங்கள். கப் தடிமனாக இருக்கும் பிராவுக்கும் மெல்லிய பிராவுக்கும் மார்பின் உயரமே மாறும். ஒன்றில் சரியாக உட்கார்ந்த டாட் (மார்பின் வடிவத்துக்காகத் துணியைக் கிள்ளித் தைக்கும் மடிப்பு) இன்னொன்றில் தள்ளிப்போகும். வெளிர் நிறத் துணி எடுப்பதாக இருந்தால் உங்கள் தோல் நிறத்துக்கு நெருக்கமான பிராதான் சரி. வெள்ளைத் துணிக்குள் வெள்ளை பிரா பளிச்சென்று தெரியும். கீழே ஏறு இடுப்பு ஜீன்ஸா, இறங்கு இடுப்பு பேண்டா என்பதைப் பொறுத்து நீளம் பற்றிய தீர்ப்பு மாறும். எதோடு சேர்த்துப் போடப் போகிறீர்களோ, அது உடம்பில் இருக்கட்டும். முடியைத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். விரித்த முடி தோளையும் கழுத்தையும் மறைத்துவிடும்.

லேபிளில் உள்ள சைஸை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே மாடலில் அடுத்தடுத்த இரண்டு சைஸை எடுத்துப் போங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும் என்பது தெரிந்ததே. ஒரே சைஸில் உள்ள இரண்டு உருப்படிகள்கூட அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. துணியைப் பல அடுக்காகப் போட்டு ஒரே நேரத்தில் வெட்டும்போது மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் சிறு வித்தியாசம் விழும். தைக்கும்போது இன்னும் கொஞ்சம் சேரும். எனவே ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு அடுக்கிலிருந்து 'புதுசு' ஒன்றை எடுக்காதீர்கள். போட்டுப் பார்த்ததையே வாங்குங்கள்.

பனியன் துணி டாப்ஸ் என்றால் போடும் முன் இன்னொரு சோதனை. இரண்டு தோளையும் ஒன்றாகப் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் இரண்டும் நேராக இறங்கி ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக முறுக்கிப் போனால் துணி கோணலாகியிருக்கிறது. துவைத்த பிறகு பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் வந்துவிடும். அதை இஸ்திரி போட்டு நிரந்தரமாக நேராக்க முடியாது.

தோள்

கையை மேலும் கீழும் அசைத்தபடி தோளின் நுனியைத் தடவுங்கள். தோள் முடிந்து கை தொடங்கும் இடத்தில் ஓர் எலும்பு முட்டு தட்டுப்படும். கை பூட்டிய தையல் அதன் மேலே வர வேண்டும். ஸ்லீவ்லெஸ் என்றால் அரை அங்குலமோ அதற்கு மேலோ உள்ளே வந்தாலும் அழகுதான். கை வைத்த டாப்ஸில் தையல் உள்ளே ஏறிவிட்டால் கையின் உச்சியில் விசிறிபோல மடிப்பு விழும். கையைத் தூக்கும்போதெல்லாம் இழுக்கும். அரை அங்குலம், முக்கால் அங்குலம் வெளியே தள்ளியிருந்தால் ஒரு சைஸ் குறைத்துப் பாருங்கள். டிராப் ஷோல்டர் மாடலில் தையல் ஒன்றரை, இரண்டு அங்குலம் அல்லது அதற்கும் மேலே கையில் இறங்கியிருக்கும். அது வேண்டுமென்றே செய்தது என்று பார்த்தவுடன் தெரியும். முக்கால் அங்குலம் மட்டும் இறங்கினால் யாருடைய சட்டையையோ இரவல் வாங்கிப் போட்ட மாதிரி இருக்கும்.

தோள் அகலம் சரியாக இருந்தும், கழுத்தோரத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக மடிப்பு விழுந்தால் உங்கள் தோள் சரிவானது. மெல்லிய தோள் பேட் ஒன்று வைத்தால் நேராகிவிடும். பின்கழுத்துக்குக் கீழே குறுக்காகத் துணி திரண்டால் தோள் நிமிர்ந்தது என்று அர்த்தம். கழுத்திலிருந்தே சாய்வாகத் தொடங்கும் ரேக்லான் கைக்கும், உடம்புத் துணியோடு சேர்த்தே வெட்டும் வவ்வால் கைக்கும் தோள் நுனியில் கை பூட்டிய தையலே கிடையாது. அவற்றில் கழுத்தையும் அக்குளையும் பார்த்தால் போதும்.

கைக்குழி

வாங்குபவர்கள் மிக அதிகமாக ஏமாறும் இடம் இதுதான். கைக்குழி பெரிதாக இருந்தால் கையை வசதியாக ஆட்டலாம் என்று தோன்றும். கை வைத்த டாப்ஸில் நடப்பது நேர் எதிர். கைக்குழி இறங்க இறங்க, கை பூட்டிய இடம் விலாப்பக்கம் போய்விடுகிறது. கையைத் தூக்கினால் அந்த இடத்திலிருந்து மொத்த உடம்புத் துணியும் சேர்ந்து மேலே ஏறும். அக்குளை ஒட்டி வெட்டிய கைக்குழியில் மற்றத் துணியை இழுக்காமல் கை மட்டும் எழும். உடம்புத் துணி இருந்த இடத்தில் இருக்கும்.

உயரமான அலமாரியில் எதையோ எடுப்பதுபோல இரண்டு கைகளையும் தூக்கிப் பாருங்கள். கீழ் ஓரம் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் ஏறுவது சகஜம். மூன்றுக்கு மேல் ஏறி வயிறு தெரிந்தால், கைக்குழி இறக்கமாக இருக்கிறது அல்லது கை குறுகலாக இருக்கிறது. பிறகு கையை இறக்குங்கள். டாப்ஸ் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிட்டதா, நீங்கள் இழுத்துவிட வேண்டியிருந்ததா? இழுத்துவிட வேண்டியிருந்தால், நாள் முழுக்க அதே வேலைதான்.

ஸ்லீவ்லெஸ்ஸில் அக்குளுக்கும் துணிக்கும் நடுவே அரை அங்குலம்போல இடைவெளி போதும். அதற்கு மேல் இறங்கினால் பக்கவாட்டில் பிரா பட்டை தெரியும். கையைத் தொங்கவிட்டு நேரே நின்றால் இது கண்ணில் படாது. கையைச் சற்று முன்னே நீட்டி, பக்கக் கண்ணாடியில் பாருங்கள். முன்பக்கம் கைக்குழி ஓரம் மட்டும் வாய் பிளந்து நின்றால், மார்புக்குத் தேவையான டாட் பிடிக்கப்படவில்லை. அந்த இடத்தில் சின்ன டாட் பிடித்தால் சரியாகும், எளிய வேலைதான்.

மார்பும் மடிப்புகளும்

எந்த இடம் இறுக்கமோ, மடிப்புக் கோடு அந்த இடத்தைக் கைகாட்டும். இதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மார்பின் குறுக்கே, முனைக்கு முனை இழுத்துக் கட்டியதுபோல் கோடு விழுந்தால் துணி போதவில்லை. மார்பிலிருந்து பக்கத் தையலை நோக்கிச் சாய்வாகக் கோடு இறங்கி, முன் ஓரம் பின் ஓரத்தைவிடத் தூக்கி நின்றால், சுற்றளவு சரியாக இருக்கலாம்; மார்பின் மேடு ஏறி இறங்க நீளம்தான் போதவில்லை. இதற்கு ஒரு சைஸ் ஏற்றினால் தோள் பெரிதாகிவிடும். டாட் உள்ள வேறு மாடல் பார்ப்பதே நல்லது. அக்குளோரம் நெட்டுக்குத்தாகத் துணி மடிந்து தொங்கினால் சைஸ் பெரிது.

டாட்டின் நுனி மார்பு முனையை நோக்கிப் போய், ஓர் அங்குலத்துக்கு முன்பே நின்றுவிட வேண்டும். முனை வரை ஓடினால் கூம்புபோலத் துருத்தும். மேலேயோ கீழேயோ தள்ளியிருந்தால் வெற்று இடத்தில் துணி உப்பி நிற்கும். பிரின்சஸ் கட் (டாட்டுக்குப் பதிலாக மேலிருந்து கீழ்வரை நெடுந்தையல் போட்ட மாடல்) என்றால் அந்தத் தையல் மார்பு முனையின் மேலோ, அரை அங்குலம் இப்படி அப்படியோ போகலாம். அதற்கு மேல் விலகக் கூடாது.

எவ்வளவு தளர்வு வேண்டும் என்பதற்கு விரலே அளவுகோல். அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் துணியைக் கிள்ளிப் பிடியுங்கள். பக்கத்துக்கு அரை அங்குல ஆழத்துக்குக் கிள்ள முடிந்தால், மடிப்பின் இரு பக்கமும் சேர்த்துச் சுற்றளவில் மொத்தம் இரண்டு அங்குலத் தளர்வு இருக்கிறது. நீளாத துணியில் ஒட்டிய தோற்றத்துக்கு அது போதும். ஓர் அங்குல ஆழம் கிடைத்தால் மொத்தம் நான்கு அங்குலம், வசதியான டாப்ஸ். பனியன் துணிக்கு இந்தக் கணக்கு வேண்டாம். உடம்பு அளவுக்குச் சமமாகவோ, சற்றுக் குறைவாகவோகூட இருக்கலாம்; துணி நீண்டு கொடுக்கும்.

பட்டன் வைத்த டாப்ஸை நின்றபடி மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உட்கார்ந்து, தோள்களைப் பின்னுக்குத் தள்ளி, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். இரண்டு பட்டனுக்கு நடுவே ஜன்னல் திறக்கிறதா? மார்பு முனைக்கு நேராக ஒரு பட்டன் அமைந்திருந்தால் பெரும்பாலும் திறக்காது. உட்காரும்போது மட்டும் லேசாகப் பிளந்தால் நடுவில் ஒரு பிரஸ் பட்டன் போதும். நிற்கும்போதே காஜா பக்கவாட்டில் இழுபட்டு நீண்டிருந்தால் பெரிய சைஸ் போடுங்கள்.

முதுகு, கழுத்து, கை

முதுகைப் போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் உடம்பும் சேர்ந்து திரும்பி, இல்லாத மடிப்பெல்லாம் தெரியும். இடுப்புக்கு மேலே துணி குறுக்காகத் திரண்டு நின்றால், கீழ் ஓரம் இடுப்பெலும்பில் பிடித்து மேலே ஏறியிருக்கிறது. பக்கத் தையலைக் கீழே சற்றுத் திறந்துவிட்டால் இறங்கிவிடும். பிறகு உங்களையே கட்டிப்பிடித்துக்கொள்வதுபோல் கைகளைக் குறுக்கே போடுங்கள். முதுகுத் தையல் முறுக்கென்று சத்தம் கொடுத்தால் அந்த டாப்ஸில் வண்டி ஓட்ட முடியாது.

கழுத்துக்கு, கீழே விழுந்ததை எடுப்பதுபோல் குனிந்தபடி கண்ணாடியைப் பாருங்கள். எதிரில் இருப்பவருக்கு என்ன தெரியும் என்பது தெரிந்துவிடும். ஒன்றின் மேல் ஒன்று வரும் ராப் கழுத்து, உட்கார்ந்து இடுப்பைத் திருப்பினால்தான் குணத்தைக் காட்டும். ஆஃப் ஷோல்டரில் கையை இரண்டு முறை தூக்கி இறக்குங்கள். எலாஸ்டிக் தோளுக்கு மேலே ஏறி அங்கேயே உட்கார்ந்துவிட்டால் வாங்க வேண்டாம்.

கையைப் பொறுத்தவரை முழங்கையை மடக்கிப் பார்த்தாலே போதும். மேல்கையில் இறுகக் கூடாது. முழுக்கை மணிக்கட்டு எலும்பில் முடியட்டும்.

உங்களுக்கு எடுப்பாக இருக்கிறதா?

இன்ன உடல்வாகுக்கு இன்ன டாப்ஸ் என்று சொல்லும் பட்டியல்களை ரொம்ப நம்ப வேண்டாம். அவை துணியைக் கணக்கில் எடுப்பதில்லை. மார்புக்குக் கீழே சுருக்கு வைத்த ஒரே மாடலை விறைப்பான பருத்தியில் தைத்தால் வயிறு முன்னே தள்ளித் தெரியும். ரேயானில் தைத்தால் அதே சுருக்கு நீர்போல வழிந்து இறங்கும். துணி உடம்பில் எப்படி விழுகிறது என்பதுதான் பாதித் தோற்றத்தைத் தீர்மானிக்கிறது.

கண் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். டாப்ஸ் முடியும் இடம் உடம்பின் குறுக்கே போட்ட கோடு. இடுப்பின் மிக அகலமான இடத்தில் அந்தக் கோடு விழுந்தால் அங்கேதான் பார்வை போகும். ஓரத்தை இரண்டு அங்குலம் உள்ளே மடித்துப் பிடித்துக்கொண்டு ஒருமுறை பாருங்கள். சில நேரம் வேறு டாப்ஸ் மாதிரியே தெரியும். கை முடியும் இடத்துக்கும் இதே கணக்குதான்.

எம்பயர் கட்டின் தையல் மார்புக்குக் கீழே படிய வேண்டும். மார்பின் மேலேயே ஏறி உட்கார்ந்தால் திருத்த வழியில்லை. பெப்ளம் (இடையிலிருந்து குட்டைப் பாவாடைபோல விரியும் கீழ்த்துணி) விரியத் தொடங்கும் இடம் உங்கள் இடையோடு பொருந்துகிறதா என்று பார்க்கப் பக்கவாட்டில் சாயுங்கள். உடம்பு மடியும் இடம்தான் இடை. பெரிய பூ, வட்டம் போட்ட துணியில் அவை மார்பின் மேல் சரியாக இரண்டு பக்கமும் வந்து விழுந்திருந்தால் எடுக்காதீர்கள், விளக்கம் தேவையில்லை.

துணியும் உள்தையலும்

டாப்ஸுக்குள் கையை விட்டு விரல்களை விரியுங்கள். விரல் இடுக்கு தெளிவாகத் தெரிந்தால் உள்ளே ஸ்லிப் வேண்டும். ஓரத்தைக் கைக்குள் பத்து விநாடி கசக்கிப் பிடித்து விடுங்கள்; விழும் சுருக்கம்தான் மதியத்துக்குள் மடியில் விழப்போகும் சுருக்கம். பனியன் துணியை இழுத்துவிட்டால் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். அலையாக நின்றால் சில நாளில் முழங்கை தொங்கிவிடும். பருத்தியும் ரேயானும் முதல் துவையலில் சுருங்கக்கூடியவை. 24 அங்குல நீளத்தில் 5 சதவீதம் சுருங்கினால் ஓர் அங்குலத்துக்கு மேல் போய்விடும். நீளம் இப்போதே நூலிழையில்தான் போதுகிறது என்றால் யோசியுங்கள்.

லூஸ் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் டாப்ஸைப் புரட்டி உள்தையலைப் பார்க்க வேண்டும். தையலை ஒட்டி வெட்டி ஓவர்லாக் போட்டிருந்தால் விட எதுவும் இல்லை. அரை அங்குலம் விட்டிருந்தால் அதில் கால் அங்குலத்தை எடுக்கலாம். பக்கத் தையல் இரண்டு, ஒவ்வொன்றிலும் முன்துணி பின்துணி என நான்கு ஓரம். ஆளுக்குக் கால் அங்குலம் விட்டால் சுற்றளவில் ஓர் அங்குலம் கூடும். சாட்டினில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும்.

ஆன்லைனில் வந்ததாக இருந்தால் வீட்டில் டேக்கை வெட்டாமல் கழுத்துக்குள் திருப்பிவிட்டு, பத்து நிமிடம் போட்டுக்கொண்டே உட்கார்ந்து எழுந்து நடமாடுங்கள். நிறத்தை ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியோடரன்ட்டும் லிப்ஸ்டிக்கும் அதற்குப் பிறகு. அக்குளில் வெள்ளைக் கறையோ கழுத்தில் சிவப்புக் கறையோ பட்ட டாப்ஸைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.