வைரஸைக் குட்டி பாக்டீரியா என்று நினைக்காதீர்கள்

வைரஸ் பற்றி நான் கேட்கும் தவறான கருத்துகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் முளைப்பவை: அதை இன்னும் சிறிய பாக்டீரியாவாக நினைத்துக்கொள்வது. பாக்டீரியா ஒரு முழு செல்; தனக்கு வேண்டிய புரதத்தைத் தானே செய்துகொள்ளும். வைரஸிடம் இருப்பது கொஞ்சம் மரபுப்பொருள் (டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ), அதைச் சுற்றி ஒரு புரத உறை, சிலவற்றுக்கு அதன் மேல் ஒரு கொழுப்புப் படலம். புரதம் செய்யும் ரைபோசோம் ஒன்றுகூட இல்லை.

வைரஸால் வரும் சளிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கேட்கும் பழக்கம் இங்கிருந்துதான் வருகிறது. பென்சிலின் பாக்டீரியாவைச் செல்சுவர் கட்டவிடாமல் தடுக்கிறது. சுவரே இல்லாத வைரஸை அது என்ன செய்யும்? வேறு சில மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமைத் தாக்குகின்றன. வைரஸ் பயன்படுத்துவதோ நம் செல்லின் ரைபோசோமை. கடைசியில் அடிபடுவது நம் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள்தான்.

'வைரஸ் இரண்டாகப் பிளந்து பெருகும்' என்பது அடுத்த தவறு. பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸைப் பாருங்கள். கால் போன்ற இழைகளால் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொள்கிறது. வால் உறை சுருங்க, டிஎன்ஏ உள்ளே இறங்குகிறது; வெறும் கூடு வெளியிலேயே நின்றுவிடுகிறது. அப்புறம் சில நிமிடங்களுக்கு அந்தச் செல்லுக்குள் எவ்வளவு தேடினாலும் ஒரு முழு வைரஸ்கூட அகப்படாது. எனக்கு இதில் மிகப் பிடித்த கட்டம் இதுதான். தலைகள் ஒருபுறம், வால்கள் ஒருபுறம், இழைகள் ஒருபுறம் என்று தனித்தனியாகத் தயாராகி, பிறகு ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஏறக்குறைய அரைமணி நேரத்தில் செல் உடைந்து 100-க்கும் மேற்பட்ட வைரஸ்கள் வெளியே வரும்.

கொழுப்புப் படலம் கூடுதல் கவசம் என்று எண்ணுவதும் தவறு. சோப்பு அந்தப் படலத்தைக் கரைத்துவிடுவதால் இன்ஃப்ளூயன்சா, கொரோனா வைரஸ்கள் எளிதில் குலைந்துபோகும். படலமே இல்லாத நோரோவைரஸிடம் ஆல்கஹால் சானிடைசர் அவ்வளவாகப் பலிக்காது. சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவித்தான் அதைக் கையிலிருந்து அகற்ற வேண்டும்.

சரி, வைரஸ் உயிருள்ளதா? ஒரே சொல்லில் பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். புகையிலைத் தேமல் வைரஸை அமெரிக்க வேதியியலாளர் வெண்டெல் ஸ்டான்லி 1935-இல் உயிரற்ற உப்பைப் போலப் படிகமாக்கினார். கரைத்து இலையில் தேய்த்தால் அந்தப் படிகம் மறுபடியும் நோயை உண்டாக்கியது. அது முழுக்கப் புரதம் என்று அவரே எண்ணியிருந்தார். அதில் ஆர்என்ஏ-வும் இருப்பதை அடுத்த ஆண்டே பாடன், பிரி என்ற இரு பிரிட்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.